"நிறைய" என்பது எண்ணிக்கை ஆகாது!

அம்பாறை மாவட்டத்தின் ஒலுவில் துறைமுகத்துக்கு ஒரு தடவை போ. அலைதடுப்புக் கல்லில் ஏறி நில். நாலு பக்கமும் பார்.

தெற்கே மணல் குவிந்து கிடக்கிறது. வடக்கே கடல் கரையைத் தின்றுகொண்டே போகிறது. தென்னை போனது. வாடி போனது. காணி போனது.

மறைந்த அமைச்சர் அஷ்ரஃபின் கனவு அந்தத் துறைமுகம். டென்மார்க்கின் நிதியில் கட்டினார்கள். 2013இல் மேளதாளத்தோடு திறந்தார்கள்.

பிறகு? துறைமுக வாயிலை மணல் மூடியது. படகுகள் உள்ளே முடங்கின.

கரைவலை இழுத்துக் காய்த்துப்போன உன் வாப்பாவின் கையைக் கேள். எந்த மாதம் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், மணல் எங்கே போய்ச் சேரும் என்று அவர் சொல்வார்.

அவருக்குத் தெரிந்தது எந்தத் தாளில் இருந்தது? எந்த மேசையில் இருந்தது?

தாளில் ஏறாத அறிவு மேசைக்கு வராது. இன்று உன்னோடு சண்டை பிடிக்க வந்திருப்பது இதற்காகத்தான்!

நீ ஒரு மாதர் சங்கத்தின் செயலாளர். அல்லது இளைஞர் கழகத்தின் தலைவர். அல்லது பள்ளிவாசல் நிவாரணக் குழுவில் ஓடித் திரிகிறவர். வெள்ளம் வந்தால் முதலில் இறங்குவது நீதான்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ஐ மறந்தாயா? இலங்கையில் வேறெந்த மாவட்டத்தையும் விட அம்பாறை அதிக உயிர்களைப் பறிகொடுத்த நாள் அது. 10,000க்கும் மேல்!

மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் ஜனாஸாக்களைத் தூக்கியது யார்? வெளிநாட்டு விமானமா? பக்கத்துத் தெருக்காரன்!

சுனாமி உதவிகளைப் பின்னர் ஆராய்ந்த பன்னாட்டுக் குழு 2006இல் இதையே சொன்னது. முதல் நாட்களில் உயிர் காத்த வேலை ஏறக்குறைய முழுவதும் உள்ளூர் மக்கள் செய்தது என்று எழுதியது.

2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் மத்ரசாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டதே, அன்றும் நீரில் இறங்கித் தேடியவர்களில் அந்தப் பகுதி இளைஞர்களும் இருந்தார்கள்.

கழுத்தளவு தண்ணீருக்குப் பயப்படாத நீ, எட்டுப் பக்கத் திட்ட முன்மொழிவுத் தாளுக்கு ஏன் பயப்படுகிறாய்?

"எனக்கு இங்கிலீஷ் வராது." சரி. கூட்டல் வருமா? பெருக்கல் வருமா?

வா, கணக்குப் போடுவோம். உன் ஊர்ப் பாடசாலையில் 40 குடும்பங்கள் தங்கியிருக்கின்றன என்று வை. மொத்தம் 160 பேர்.

ஸ்பியர் கைநூல் என்று ஒன்று உண்டு. உலகெங்கும் நிவாரணப் பணியாளர்கள் கையில் வைத்திருப்பது. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் வேண்டும் என்கிறது அது.

160ஐ 15ஆல் பெருக்கு. 2,400 லீற்றர். 5,000 லீற்றர் பவுசர் ஒன்று வந்தால் இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் காலையில் அடுத்த பவுசர் வாசலில் நிற்க வேண்டும்.

கழிவறை? முதல் நாட்களில் 50 பேருக்கு ஒன்று. இயன்ற விரைவில் 20 பேருக்கு ஒன்று. அப்படியானால் 8 வேண்டும். பாடசாலையில் இருப்பது இரண்டு. ஆறு குறைகிறது!

இருப்பது எவ்வளவு, வேண்டியது எவ்வளவு, குறைவது எவ்வளவு, அதற்கு என்ன செலவு. திட்ட முன்மொழிவின் எலும்பு இவ்வளவுதான். மற்றதெல்லாம் சதை. இங்கிலீஷ் வெறும் சட்டை. அதைத் தைத்துத் தரத் தெருவுக்கு ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்தில் படிக்கிறது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உன் ஒலுவிலிலேயே இருக்கிறது!

ஆனால் நீ என்ன எழுதுகிறாய்? "எமது பிரதேசத்தில் நிறைய மக்கள் பாதிக்கப்பட்டுள்ளனர்."

நிறைய என்றால் எத்தனை? நிறைய என்பது எண்ணிக்கை ஆகாது!

உன் அலுமாரியில் ஒரு சீ.ஆர். கொப்பி கிடக்கும். போன வெள்ளத்தில் நனைந்து ஓரம் சுருண்டது. எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் இன்சுலின் போடும் உம்மா, எந்த வளவில் நடக்க முடியாத பிள்ளை... எல்லாம் உன் கையெழுத்தில், பாதி பென்சிலில்.

கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருப்பவரிடம் அந்தக் கொப்பி இருக்கிறதா? இல்லை! ஆனால் அறிக்கை எழுதுவது அவர். பொதி இறக்குவது நீ.

இப்படியே இன்னும் எத்தனை மாரிக்கு?

பயிற்சிக்குப் போனேன் என்பாய். தெரியும். ஃபைல் தந்தார்கள், பேனை தந்தார்கள், பத்தரைக்கு ரோல்ஸும் பிளேன்டீயும் தந்தார்கள். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினாய். ஃபைலை மறுபடி திறந்தாயா?

அந்த ஃபைலில் நாலு சொற்கள் இருந்தன. மனிதாபிமானம். பாரபட்சமின்மை. நடுநிலைமை. சுதந்திரம். வெள்ளைக்காரனின் பாடம் என்று மூடி வைத்தாய்.

நில்! முஸ்லிம் ஊர்களான சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவில் தமிழ் ஊரான காரைதீவு இருக்கிறது. வெள்ளம் ஊர்ப் பெயர்ப் பலகையை வாசித்துவிட்டா நுழைகிறது? உன் பட்டியல் மட்டும் ஏன் எல்லைக் கல்லில் நிற்கிறது?

தமிழ் வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் தேவையை மட்டும் பார்த்துக் கொடு. பாரபட்சமின்மை அதுதான். சொந்தக்காரரின் பெயரைப் பட்டியலின் தலையில் வைக்காதே. அதுவும் அதுதான்!

அரசியல்வாதி நூறு பொதி தருகிறேன் என்கிறார். பொதியில் தன் படம் ஒட்ட வேண்டுமாம். அந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழுகிறதா? சுதந்திரம் என்ற சொல்லின் விலை அங்கே தெரியும். கஷ்டம்தான். நூறு பொதி சின்னக் காரியமில்லை. ஆனாலும் ஒருமுறை ஒட்ட விட்டால், அடுத்த தேர்தல்வரை உன் சங்கம் அவருடைய சங்கம்!

"முன்மொழிவு அனுப்பினேன், தள்ளிவிட்டார்கள்." இதுதானே கடைசிச் சாக்கு?

ஹென்றி டுனான்டைத் தெரியுமா? ஜெனீவாக்காரர், வியாபாரி. 1859இல் தன் தொழில் விண்ணப்பத்தோடு பிரான்சின் பேரரசரைப் பார்க்கப் போனார். வழியில் சோல்ஃபெரினோ போர்க்களம் குறுக்கிட்டது. காயம்பட்டவர்கள் ஆயிரமாயிரமாய்க் கிடந்தார்கள்.

பக்கத்துக் காஸ்டிலியோனே ஊரின் பெண்கள் எந்தப் படைக்காரன் என்று கேட்காமல் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார்கள், கட்டுப் போட்டார்கள். எந்தப் பட்டறையிலும் படிக்காத பெண்கள்!

டுனான்ட் கண்டதை எழுதி 1862இல் சொந்தக் காசில் அச்சிட்டார். சமாதான காலத்திலேயே உதவிச் சங்கங்களை ஆயத்தமாக வையுங்கள் என்று அதில் கேட்டார். மறு ஆண்டே செஞ்சிலுவைக் குழு பிறந்தது. 1864இல் ஜெனீவா உடன்படிக்கை வந்தது.

அவருடைய வியாபாரமோ 1867இல் திவாலானது. ஊரே ஒதுக்கியது. பல ஆண்டுகள் வறுமையில் கிடந்தார். 1901இல் முதலாவது அமைதி நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

பின்னர் திவாலான அந்த மனிதர் எழுதிய தாள் இன்றும் உயிர் காக்கிறது. ஒரேயொரு மறுப்புக் கடிதத்துக்கு நீ பேனையை மூடி வைக்கிறாயா?

தள்ளியவரிடம் கேள்! எந்த வரி புரியவில்லை? எந்தக் கணக்கு இடித்தது? பற்றுச்சீட்டு இல்லையா? மூன்று கடையில் விலை கேட்கவில்லையா? கணக்காய்வு நடக்கவில்லையா? பதில் வந்தால் அடுத்த முன்மொழிவு பாதி எழுதியாகிவிட்டது.

யாராவது வந்து தூக்கிவிடுவார் என்று காத்திராதே. நிவாரண நிதியில் 25 வீதத்தை 2020க்குள் உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுப்போம் என்று 2016இல் இஸ்தான்புல் உச்சிமாநாட்டில் பெரிய கொடையாளர்கள் கைச்சாத்திட்டார்கள். அந்த இலக்கு எட்டப்படவில்லை. வாக்குறுதி அவர்களுடையது. வயிறு உன் ஊருடையது!

ஆகவே தம்பி, தங்கச்சி, மாரி தொடங்க முன்னே இதைச் செய்.

பிரதேச செயலகத்தில் உன் சங்கத்தின் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பார். வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து வை. ஒரு ரூபாய்க்கும் சீட்டு வை.

இன்று இரவு அந்த சீ.ஆர். கொப்பியை எடு. காய்ந்த பக்கம் ஒன்றைப் பிரி. பென்சில் வேண்டாம், பேனை.

முதல் வரியில் எத்தனை குடும்பம் என்று எழுது.