நெஞ்செரிச்சலுக்கு வினைக் கணக்கு உண்டா?

7ஆம் நூற்றாண்டு. கடலூரையொட்டிய திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்ற சமணத் தலைவருக்கு வயிற்றில் தாங்க முடியாத வலி. மந்திரம் ஓதினார்கள், மயிற்பீலியால் தடவினார்கள், வலி மட்டுப்படவில்லை. கடைசியில் திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாருக்கு ஆள் அனுப்பினார். தூது போனவர் அவருடைய சமையற்காரர். வயிற்றுச் சேதியைச் சமையற்காரரிடம் கொடுத்தனுப்பியதில் பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் குறும்பும் கொஞ்சம் இருக்கலாம்.

அந்தத் தருமசேனர்தான் பின்னாளில் அப்பர். அவரைப் பிடித்தது சூலை நோய் என்கிறது பெரியபுராணம். அது அல்சரா, வேறெதுவா என்று இன்று ஆராயக் கிளம்புவது வீண் வேலை. அந்தக் கதையைப் பாடிய சேக்கிழாரின் குன்றத்தூர், சென்னை மேடவாக்கத்துக்காரர்களுக்கு எட்டாத ஊர் அல்ல. கீழ்க்கட்டளை, பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் என்று போனால் வந்துவிடும்.

வழியில் இருக்கும் இதே பம்மலின் ஒரு தனியார் மருத்துவமனைக்குத்தான் 2024 ஏப்ரலில், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்காகப் புதுச்சேரி இளைஞர் ஒருவர் வந்தார்; பிறகு உயிரிழந்தார். வயது 26. இப்படியொரு செய்தி வந்தால் பேச்சு இரண்டு பக்கம் போகும். ஒன்று மருத்துவமனையைக் கேட்கும் கேள்வி. அது நியாயமானது, அரசும் விசாரித்தது. மற்றது நோயாளியையே குத்தும்: “நல்லா இருந்த உடம்பை எதுக்குக் கத்திக்குக் கொடுக்கணும்?” இந்தக் குத்தல் சாவு வரைக்கும் காத்திருப்பதில்லை. எடை குறைந்தபின் தொங்கும் தோலை அகற்றிக்கொண்டு வீடு திரும்பியவர், ராத்திரி நெஞ்செரிச்சலில் எழுந்து உட்கார்ந்தாலே போதும். “தானாத் தேடிக்கிட்ட வினை” என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். 40, 50 கிலோ இறங்கிய உடம்பில் தோல் தானாகச் சுருங்கிக்கொள்வதில்லை. அடிவயிற்றில் மடிந்து தொங்கும். மடிப்புக்குள் வியர்வை தங்கி, சென்னைப் புழுக்கத்தில் படையும் புண்ணும் வரும். அறுவையில் அந்தத் தோலை வெட்டியெடுத்து, விலகிப்போன வயிற்றுத் தசைகளையும் இழுத்துத் தைப்பார்கள். தைத்தபின் வயிற்றுக்குள் இடம் நெருக்கடி. போதாததற்கு மேலே பெல்ட். வலி மாத்திரைகளில் சில இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கும். சில இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி மலச்சிக்கலையும் கொண்டுவரும். முக்கினால் அழுத்தம் இன்னும் ஏறும். நோயாளி ஏற்கெனவே இரைப்பையைக் குழாய்போல ஒடுக்கும் ஸ்லீவ் அறுவை செய்துகொண்டவரென்றால், அமிலம் மேலேறும் வாய்ப்பு அதனாலேயே கூடியிருக்கும். உணவுக்குழாயின் அடியில் கதவாக இருக்கும் தசை இத்தனையும் தாங்காமல் இளக, புளித்த நீர் எதுக்களித்துத் தொண்டை வரை வருகிறது.

இதில் வினைக்கு எங்கே இடம்?

சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாக வகுக்கிறது. இந்த உடம்பில் அனுபவித்துத் தீர்ப்பது பிராரத்தம். ஆனால் எந்த எரிச்சல் எந்தச் செயலுக்குக் கூலி என்று கணக்கெழுதும் வேலையை அது அத்தையிடமோ எதிர்வீட்டுக்காரரிடமோ ஒப்படைக்கவில்லை. அப்பரின் கதையில் அந்த வலியை அனுப்பியவர் சிவபெருமானே. அதாவது, அந்த நோய்க்கு ஒரு காரணம் இருந்தது. அப்படியிருந்தும் அப்பர் தம் முதல் பதிகத்தில், தாம் செய்த கொடுமைகள் எவையென்று தமக்குத் தெரியவில்லை என்றுதான் முறையிடுகிறார். வலியை விலக்கும்படிக் கேட்கிறார். திலகவதியாரும் லேசுப்பட்டவர் அல்ல. சமணர் இருக்கும் இடத்துக்கு வரமாட்டேன் என்று சமையற்காரரைத் திருப்பி அனுப்பியவர். தம்பி இரவோடு இரவாக வந்து காலில் விழுந்தபோது, புறச்சமயத்தில் போய்த் துன்பப்பட்டதைச் சுட்டாமலும் விடவில்லை. ஆனால் அதே மூச்சில் எழுந்திருக்கச் சொல்லி, திருநீறு கொடுத்து, கோயிலுக்குக் கூட்டிப்போனார். கண்டிப்புக்கு ஒரு வாக்கியம், மீதியெல்லாம் உதவி. நோயாளியின் உறவினர்கள் கடன் வாங்கவேண்டிய விகிதம் இதுதான்.

தேவைக்கும் ஆசைக்கும் நடுவே கோடு கிழிக்கும் வேலையை இன்று காப்பீட்டுப் பத்திரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விதிகளின்படி, உடல் நிறைக் குறியீடு 40ஐ எட்டினாலோ, கடுமையான உடன்நோய்களோடு 35ஐ எட்டினாலோதான் எடைக் குறைப்பு அறுவைக்குப் பணம் கிடைக்கும். அழகுக்காகச் செய்யும் அறுவை தனி விலக்கு. ஆக, கொழுப்பைக் குறைத்தது மருத்துவம். அது விட்டுச்சென்ற தோலைக் குறைப்பது, புண் இருக்கிறதென்று மருத்துவர் சான்று தராதவரை, ஒய்யாரம்! தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோடு இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இந்தக் கோடு பலருடைய வயிற்றின் குறுக்கே ஓடப்போகிறது.

சதையைக் களைய விரும்புவதே வீண் ஆசை என்பவர்களுக்கும் சேக்கிழாரிடம் ஒரு மறுப்பு கிடைக்கும். கணவன் பரமதத்தன் தம்மைத் தெய்வமாக எண்ணிக் காலில் விழுந்தபின், அவனுக்காகச் சுமந்த தசையைக் கழித்துவிடும்படி இறைவனிடம் கேட்டவர் காரைக்கால் அம்மையார். அவர் பெற்றது பேயுரு. மேடவாக்கத்தில் யாரும் அதைக் கேட்டு அறுவை அரங்குக்குப் போவதில்லை, உண்மைதான். ஆனால் இந்த உடம்பை யாருடைய கண்ணுக்காகச் சுமக்கிறோம் என்ற கேள்வியை அம்மையார் கேட்டுவிட்டார். பிறர் பார்வைக்காக மெலிகிறவருக்கும், படிக்கட்டில் மூச்சு வாங்காமல் ஏற மெலிகிறவருக்கும் அதன் விடை வேறு வேறாக இருக்கும். இருவருக்கும் எதுக்களிப்பது ஒரே அமிலம்.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. முதுகுக்கும் முழங்காலுக்கும் தலையணை கொடுத்துச் சாய்ந்து படுத்தால் தையலுக்கும் நல்லது, நெஞ்செரிச்சலும் குறையும். இரவுச் சாப்பாடு சீக்கிரம், கொஞ்சமாக. அமில மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் பெரும்பாலும் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு. பெல்ட்டைத் தளர்த்தலாமா, எந்த வலி மாத்திரையை மாற்றலாம் என்பதை அறுவை செய்த மருத்துவரிடமே கேட்க வேண்டும். நெஞ்சுவலியோடு மூச்சுத் திணறலோ, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமோ வந்தால் அதை ‘கேஸ்’ என்று தள்ளிவிடக் கூடாது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலை அடைத்திருக்கலாம். வயிற்றுச் சீரமைப்பில் மருத்துவர்கள் மிகவும் அஞ்சும் ஆபத்துகளில் அது ஒன்று. அப்போது வினை பற்றிய வாதத்தை அப்படியே நிறுத்திவிட்டு 108ஐ அழைக்க வேண்டும்.