ஆச்சியின் சிரிப்பும் நமது அறமும்

முதுமையைப் போற்றுவது பண்பட்ட சமுதாயத்தின் இலக்கணம் என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால், போற்றுதல் வேறு. உரிமை வழங்குதல் வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்க விரும்புவோர், தத்துவ நூல்களைப் புரட்டுமுன், நம் ஆச்சிமாரின் வேடிக்கைப் பேச்சுக்குச் சற்றுச் செவிசாய்த்தல் நன்று.

என் அயலில் எண்பது வயதைக் கடந்த ஆச்சி ஒருவர் இருக்கிறார். ஐந்து பிள்ளைகளைப் பெற்றவர். பார்வை மங்கியதைப் பற்றி அவர் சொல்வது இது: "ஊசிக்கண் தெரியேல்லைத் தம்பி, ஆனால் ஆக்களின்ர குணம் இப்பதான் துலாம்பரமாய்த் தெரியுது." கனடாவிலுள்ள பேரன் கைத்தொலைபேசித் திரையில் தோன்றி, "ஆச்சி, சாப்பிட்டியளோ?" என்று வினவினால், "நான் சாப்பிட்டிட்டன். நீ கண்ணாடிக்குள்ளயிருந்து வெளியில வந்தால் உனக்கும் தாறன்" என்பார். அவர் பேச்சுகளுள் என்னைப் பெரிதும் சிந்திக்கவைத்தது குடும்பத்தைப் பற்றியது: "வீட்டை மகளுக்குச் சீதனமாய்க் குடுத்தாச்சு. இப்ப நான் அங்க விருந்தாளி. விருந்தாளியை மா வறுக்க விடுற வீடு ஊரில எங்கட வீடு ஒண்டுதான்!" கேட்டோர் சிரிக்கின்றனர்; மகளும் சிரிக்கிறாள்; மறுநாளும் ஆச்சிதான் மா வறுக்கிறார்.

இச்சிரிப்பை எவ்வாறு விளங்கிக்கொள்வது? கூட்டுக் குடும்பத்தின் மனநிறைவே இவ்வாறு நகைச்சுவையாக மலர்கிறது என்பர் பழைமைவாதிகள். தன் நிலையை உணராத அடிமையின் சிரிப்பு இது என்பர் நம்முள் அவசரக்காரர் சிலர். இரு சாராரும் ஆச்சியின் சொற்களைக் கேட்கவில்லை. தன் நிலையை உணராத ஒருவர் 'விருந்தாளி' என்ற சொல்லை அத்துணை நுட்பமாகத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. நேரே முறையிட அதிகாரமற்றவர், நகைச்சுவையாக முறையிடுகிறார் என்பதே உண்மை.

இதற்கு வரலாறு உண்டு. அறமுரைக்கும் உரிமையைத் தமிழ் மரபு ஔவைக்கு அளித்தது. கூடவே, மணவாழ்விலிருந்து தப்புவதற்காக இளமையிலேயே முதுமையை வேண்டிப் பெற்றாள் என்ற கதையையும் கட்டியது. பெண் தடையின்றிப் பேச வேண்டுமாயின் முதலில் கிழவியாக வேண்டும் என்பதன்றோ அக்கதையின் உட்பொருள்? ஒல்லாந்தர் ஆட்சியில் 1706இல் தொகுக்கப்பட்டு 1707இல் சட்டவலுப் பெற்ற தேசவழமை, சீதனத்தைப் பெண்ணின் சொத்தாக ஏற்றது. அது சிறப்பே. ஆயினும், அச்சொத்து தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறும் அன்றே, தாயின் உழைப்பு மட்டும் அவ்வீட்டில் எஞ்சுகிறது, உரிமை எஞ்சுவதில்லை.

கி.மு. 44இல் சிசரோ முதுமையைப் போற்றி எழுதிய நூலில், அதன் இன்பங்களை எடுத்துரைப்பவர் 84 வயதுடைய கேட்டோ. நிலமும் அடிமைகளும் உடைய உரோமப் பிரபு அவர். முதுமை இனிதென்று சொல்ல அவருக்கு வசதி இருந்தது. முதுமையை வயது மட்டும் ஆக்குவதில்லை, வர்க்கமும் ஆக்குகிறது என்பதை 1970இல் சிமோன் த பொவ்வா விரிவாக எழுதிக் காட்டினார். நம் மலையகத்தைப் பாருங்கள். கொழுந்து பறித்து ஓய்ந்த பாட்டி, மகள் மலைக்கோ மத்திய கிழக்குக்கோ வேலைக்குச் செல்ல, பேரப்பிள்ளைகளை வளர்க்கிறாள். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் அவள் கொழுந்து பறித்த நாட்களை எண்ணியது. தொட்டில் ஆட்டிய நாட்களை எண்ணவில்லை.

மகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. அது நீதியாகாது. பகலெல்லாம் வேலைத்தலத்தில் உழைத்து, இரவில் அடுப்படிக்குத் திரும்பும் அவளும் நாளைய ஆச்சியே. 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், பெற்றோரைப் புறக்கணித்தல் ஆகாதெனப் பிள்ளைகளுக்கு விதித்தது. வேண்டிய சட்டமே. ஆனால், இல்லாதவளின் கடமையை இல்லாத இன்னொருத்தியின் தலையில் ஏற்றுவதோடு சமுதாயம் தன் பொறுப்பு முடிந்ததென்று கருதலாமா?

முதியோருக்கு நாம் கடன்பட்டிருப்பது நன்றியுணர்ச்சி அன்று, பங்கு. கூலி பெற்றவர், பெறாதவர் என்ற பேதமின்றி, உழைத்த ஒவ்வொருவருக்கும் முதுமையில் வாழ்வூதியம் உரிமையாக வேண்டும். வீட்டு வேலை ஆணுக்கும் உரியதென்பதைப் பேச்சளவில் அன்றிச் செயலளவில் ஏற்க வேண்டும். பின்னையது சட்டத்துக்காகக் காத்திராது. ஆசிரியரும் மாணவரும் இன்று மாலையே தொடங்கலாம்.

அந்நிலை வந்தபின் ஆச்சிமார் சிரிக்க மாட்டார்களா? சிரிப்பார்கள்; பார்வை மங்குவதையும் பேரர் கண்ணாடிக்குள் இருப்பதையும் சொல்லி இன்னும் உரக்கவே சிரிப்பார்கள். உடன் சிரிக்கும் நமக்கு அப்பொழுது வெட்கப்பட ஒன்றும் இராது.