கேட்கப்படாத வேண்டுதலும் யூதர் துயர்நெறியும்

நோயுற்ற மகவின் தலைமாட்டிலிருந்து, அதன் உயிரைத் தருமாறு இரவும் பகலும் இறைவனை இரந்த தந்தையொருவன், அம்மகவை மண்ணிற் புதைத்து மீண்டபின், தான் இரந்த இரப்பெல்லாம் எங்குச் சென்றன என்று வினவுவானாயின், அவற்குக் கூறத்தக்க விடை யாது? அவை இறைவன்பாற் சென்று சேர்ந்திலவோ? சேர்ந்தும் அவன் மறுத்தனனோ? மறுத்தற்குக் காரணம் இரந்தவனது அன்பின் குறைவோ, அன்றி முன்செய்த பிழையோ? கடவுட் கொள்கையுடைய சமயங்கள் யாவும் இவ்வினாவை எதிர்ப்பட்டே தீரும். இதனை நெடுங்காலம் ஆராய்ந்தோருள் யூதர் முன்னிற்பவர். கி.பி. 70இல் எருசலேம் திருக்கோயில் உரோமரால் அழிக்கப்பட்ட பொழுது, ஓரினத்தார் அனைவரும் கூடி வேண்டினும் அது கேட்கப்படாது போதல் உண்டென்பதை அவர் பட்டறிந்தனர்.

ஏறத்தாழக் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிசுனா என்னும் அவர்தம் அறநூல் வீண் வேண்டுதல் இன்னதென வரையறுக்கின்றது. ஊர்க்குத் திரும்பும் ஒருவன் அழுகுரல் கேட்டு, அது தன் வீட்டினின்று எழுந்ததாகாதிருக்க வேண்டுமென இரந்தால், அவ்விரப்பு வீண். என்னை? அழுகை எவ்வீட்டில் எழுந்ததோ அவ்வீட்டில் நிகழ்வது முன்னரே நிகழ்ந்துவிட்டது. இவ்வரையறையின் மறுதலை ஈண்டு நோக்கற்பாலது. முடிந்ததை மாற்றக் கேட்பதே வீண் எனின், உயிர் உடலில் நின்றவரை அத்தந்தை இரந்தது வீணன்று என்பது பெறப்படும். வேண்டியது கிடையாமை வேறு. வேண்டுதல் வீணாதல் வேறு.

தாவீது மன்னன் வரலாறு இதற்குச் சான்று. அவன் குழவி நோயுற்றபொழுது ஏழு நாள் உண்ணாது வெறுந்தரையிற் கிடந்து இறைவனை இரந்தான். குழவி இறந்தது. அதனை அவற்குரைக்க ஏவலாளர் அஞ்சித் தம்முள் மெல்லப் பேசினர். அப்பேச்சினாலேயே அவன் உண்மையை உணர்ந்தான். உணர்ந்தவன் எழுந்து, நீராடி, உடைமாற்றி, முதற்கண் வழிபடுமிடஞ் சென்று வணங்கி, அதன்பின்னரே மனைபுகுந்து உணவு கேட்டான். கண்டோர் திகைத்தனர். உயிரிருந்தவரை இறைவன் இரங்கவுங் கூடுமென நோன்பிருந்ததாகவும், இனி நோன்பால் அதனை மீட்டல் இயலாதென்றும் அவன் விடையிறுத்தான். இதனைக் கன்னெஞ்சென்பாரும் உளர். அது பொருந்தாது. தன்னை மறுத்தவன் திருமுன்னரே அவன் முதலிற் சென்றான் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. அக்குழவியின் சாவு தாவீது செய்த பிழைக்கு வந்த ஒறுப்பென்றே அந்நூல் கூறும். ஆயின் அதனைக் கொண்டு துன்புறுவோர் அனைவரையும் பிழைசெய்தோரென்பது தகாது. யோபு என்பானிடம் அவ்வாறு வற்புறுத்திய நண்பரை இறைவனே கடிந்ததாக மற்றொரு நூல் கூறுகின்றது.

மறுப்பு எனப்படுவது எவர்க்கு மறுப்பு என்பதும் ஆராயத்தக்கது. மிசுனாவைத் தொகுத்த யூதா என்னும் பேராசிரியர் இறக்குந் தறுவாயிற் கடுநோயால் வருந்தினர். மாணாக்கர் அவருயிர் நிற்குமாறு இடையறாது வேண்டினர். அவர் மனைப் பணிப்பெண் ஒருத்தியும் மேன்மாடத்தேறி முதலில் அவ்வாறே வேண்டினள். பின்னர், அவர் வயிற்று நோயாற் பன்முறை எழுந்து செல்வதையும், செல்லுந்தோறும் மறைமொழியடங்கிய சிறு பேழைகளை உடலினின்று கழற்றியும் மீள அணிந்தும் படுந் துயரையும் கண்டு, அவருயிர் விடுதலை பெறுகவென வேண்டத் தலைப்பட்டாள். மாணாக்கரோ ஒழிந்திலர். அவள் ஒரு சாடியை மேலிருந்து கீழே எறிந்தாள். அவ்வோசையால் அவர் ஒருகணம் வாயடங்கினர்; அக்கணத்தே ஆசிரியருயிர் பிரிந்தது. இதனைக் கூறும் தல்மூத் அவளைப் பழித்திலது. 14ஆம் நூற்றாண்டினராகிய நிசீம் என்னும் உரையாசிரியர், மீளா நோயால் மிக வருந்துவான்பொருட்டு இறப்பை வேண்டுதலுஞ் சிலபொழுது கடனாமென்பதற்கு இதனையே சான்றாகக் காட்டினர். மாணாக்கர் தமக்கு ஆசிரியரை வேண்டினர். அவளோ ஆசிரியர்பொருட்டு வேண்டினள்.

இத்தகைய விளக்கத்தை இழந்தவர் தாமே உணர்தல் ஒன்று. பிறர் அவர்மேற் சுமத்துதல் மற்றொன்று. யோகனான் என்னும் ஆசிரியர் தம் மைந்தர் பதின்மரையும் இழந்தவர். அவர் நோயுற்றபொழுது அனினா என்பார் சென்று, இத்துன்பங்கள் உமக்கு இனியவோ என வினவினர். துன்பமும் வேண்டா, அதனால் வரும் நற்பேறும் வேண்டா என்பதே அவர் விடை. அதுகேட்ட அனினா மறுத்துரை ஒன்றுங் கூறாது தம் கையை நீட்டி அவரை எழுப்பினர். பிறரை முன்னர் எழுப்பிய யோகனான் தம்மைத் தாமே எழுப்பாதது என்னை எனின், சிறைப்பட்டோன் தன் சிறையைத் தானே திறக்கமாட்டான் என்று தல்மூத் அமைதி கூறும்.

அண்மைக் காலத்தில், அமெரிக்க யூத ஆசிரியரான ஹெரால்டு குஷ்னர், விரைந்து மூப்பெய்தும் நோயால் தம் 14 வயது மகனை 1977இல் இழந்து, 1981இல் ஒரு நூல் வெளியிட்டார். இத்தகைய சாவை இறைவன் விடுத்திலன், தடுக்கும் ஆற்றலும் அவற்கில்லை, தாங்கும் வலிமையை மட்டும் தருவன் என்பது அவர் கொள்கை. நடுவனைப் பழியினின்று காத்தற்பொருட்டு அவன் கைகளைக் கட்டுதல் போல்வது இது. யூதர் பலரும் இதனை உடன்பட்டிலர். எனினும் மகனை இழந்தான் ஒருவனோடு இதுபற்றி வழக்காடுதல் நன்றன்று.

யூதர் துயர்நெறியோ வழக்காடுதலையே விலக்குகின்றது. உற்றார் உடல் அடக்கஞ் செய்யப்படுங்காறும் ஒருவற்கு வேண்டுதற் கடனே இல்லை. அடக்கத்தின்பின் ஏழு நாள் அவன் தாழ்ந்த இருக்கையில் மனையகத்திருப்பான். காணவருவோர் அவன் வாய்திறக்குமுன் பேசலாகாது. யோபின் நண்பர் ஏழு நாள் வாளா அவனோடு தரையிலிருந்ததே இதற்கு மூலம். அவர் பிழைபட்டது வாய்திறந்த பின்னரே.

இந்நெறியில் துயருறுவோன் சொல்லுதற்குரியது கதீஷ் என்னும் அரமேயமொழி வழுத்து. அதன்கண் சாவு என்னுஞ் சொல் இல்லை. இறந்தார்பொருட்டு ஒரு வேண்டுகோளும் இல்லை. இறைவன் திருப்பெயர் பெருமையுற, அவனரசு நிலைபெற, அமைதி உண்டாக என்னும் அளவே அதன் பொருள். அதனைத் தனித்துச் சொல்லலாகாது, பதின்மர் கூடவேண்டும். பண்டை வழக்கில் ஆடவரே எண்ணப்பட்டனர். இக்காலத்துச் சில பிரிவினர் மகளிரையும் எண்ணுவர். அவன் நின்று சொல்லச் சொல்ல, கூடினோர் ‘ஆமென்’ என ஏற்றுரைப்பர். நோயாளியின் தலைமாட்டில் அவன் இரந்தபொழுது எதிர்க்குரல் ஒன்றும் எழுந்திலது. இங்கு அவன் சொல்லுந்தோறும் எழுகின்றது.

பெற்றோர்க்காயின் 11 திங்களும், மக்கள் முதலிய ஏனையோர்க்காயின் 30 நாளும் இது நிகழும். அதன்பின் நாடோறுஞ் சொல்லுதல் ஒழியும். பிறிதொரு மனையிற் சாவு நேர்ந்து, வேறொருவன் தழுதழுத்த குரலோடு கதீஷைத் தொடங்குங்கால், அவன் அப்பதின்மருள் ஒருவனாயிருந்து ‘ஆமென்’ என்கின்றான்.