‘நான் செய்தது’ என்னும் சொல்

ஒரு பொருளைக் காட்டி, “இது நான் செய்தது” என்று ஒருவர் கூறும்போது அவர் இரண்டு செய்திகளைக் கூறுகிறார். ஒன்று பொருளைப் பற்றியது. மற்றொன்று தம்மைப் பற்றியது. பொருள் கண்முன் இருப்பதால் முதற் செய்தியில் ஐயம் எழுவதில்லை. இரண்டாவது செய்தி எவ்வளவு உண்மை என்று நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. வாய்மை என்றதும் வாக்குறுதியையும் சாட்சியத்தையும் வியாபாரத்தையும் நினைக்கிறோம். ‘நான் செய்தேன்’ என்னும் சிறு சொல்லுக்கும் ஒரு வாய்மை உண்டு. அதன் எல்லை எது என்பதை இங்கே சற்று ஆராய்வோம்.

இக்கேள்வியைத் தெளிவாகக் காண வாய்ப்பான இடம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளும் பெரியவர்களும் பொழுதுபோக்காகச் செய்யும் மின்னணுக் ‘கிட்’தான் அது. சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளில் சிறு பொட்டலங்களாக அவை கிடைக்கின்றன. மின்னி மின்னி எரியும் விளக்கு ஒன்றைச் செய்வதற்கான எளிய கிட்டை எடுத்துக்கொள்வோம். அதில் 555 என்னும் எண்ணுடைய ஓர் ஐ.சி., மூன்று மின்தடைகள், ஒரு மின்தேக்கி, ஓர் எல்.ஈ.டி. விளக்கு, ஒன்பது வோல்ட் பேட்டரிக்கான இணைப்பு, துளையிட்ட ஒரு போர்டு, ஒரு குறிப்புத்தாள் ஆகியவை இருக்கும். விலையும் அதிகமில்லை. தாள் சொல்லும் துளையில் தாள் சொல்லும் உறுப்பைச் செருகி, சூடேறிய சால்டரிங் கோலால் ஈயம் உருக்கிப் பற்றவைக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் இருபது இடங்களில் பற்றவைப்பு. பேட்டரியை இணைத்ததும் விளக்கு மின்னத் தொடங்குகிறது. பிள்ளை துள்ளிக் குதித்து, “வாப்பா, இது நான் செய்தது!” என்கிறான்.

அவன் சொல்வது மெய்யா? அந்த ஐ.சி.யை 1971இல் வடிவமைத்தவர் ஹான்ஸ் காமன்சிண்ட் என்னும் பொறியாளர். அதன் சிறு உடலுக்குள் ஏறத்தாழ இருபத்தைந்து டிரான்சிஸ்டர்கள் அடங்கியிருக்கின்றன. உறுப்புகளை வார்த்தவை தொழிற்சாலைகள். எதை எதனோடு இணைப்பது என்று சிந்தித்தவர் வேறொருவர். போர்டில் செப்புக் கோடுகளை வரைந்தவர் மற்றொருவர். பிள்ளைக்கு உரியவை இருபது ஈயப் பொட்டுகள் மட்டுமே. அப்படியாயின் ‘நான் செய்தது’ என்பது மிகைக்கூற்றா?

நம் இலக்கண உரையாசிரியர்கள் இதற்கு உதவுகிறார்கள். கருத்தாவை அவர்கள் இரண்டாகப் பகுத்தனர். பிறரை ஏவிச் செய்விப்பவர் ஏவுதற் கருத்தா. தம் கையால் செய்பவர் இயற்றுதற் கருத்தா. தாஜ்மஹாலை ஷாஜஹான் கட்டினார் என்றாலும் சரி, கொத்தர்கள் கட்டினார்கள் என்றாலும் சரி, இரண்டும் மெய்யே. கிட்டில் குறிப்புத்தாள் ஏவுகிறது. பிள்ளையின் கை இயற்றுகிறது. ஆகவே அவன் பொய் சொல்லவில்லை. கொத்தர் சொல்லத்தக்க அளவுக்கு அவனும் ‘நான் செய்தேன்’ என்று சொல்லலாம். அந்த மகிழ்ச்சியை அவனிடமிருந்து பறிக்க நமக்கு உரிமையில்லை.

ஏவலின்படி செய்வது இழிவும் அன்று. ஓத வந்த பிள்ளைக்கு உஸ்தாத் பலகையில் ஓர் அலிஃப் எழுதிக் கொடுப்பார். பிள்ளை அதன்மேலேயே மீண்டும் மீண்டும் எழுதும். அது யாருடைய அலிஃப் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் உஸ்தாதின் கோட்டின்மேலேயே எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எழுத்து வந்துவிட்டது என்றும் எவரும் சொல்வதில்லை. ஒருநாள் வெறும் பலகையில் அது எழுத வேண்டும். அரபு நூலார் முன்னதைத் தக்லீத் என்பார்கள். ஒருவர் காட்டியதைப் பின்பற்றுதல் என்பது பொருள். ஆராய்ந்து தாமே மெய்ப்பித்து அறிவதைத் தஹ்கீக் என்பார்கள். ஒன்று வாசல், மற்றொன்று வீடு.

கிட்டுகளின் வரலாற்றிலும் இவ்விரண்டையும் காணலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பென்டன் ஹார்பர் என்னும் ஊரில் இயங்கிய ஹீத் நிறுவனம், 1947இல் மின்னலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் கருவியைக் கிட்டாக விற்றது. உலகப் போர் முடிந்து மலிவாகக் கிடைத்த இராணுவ உபரி உறுப்புகள் அதற்குக் கைகொடுத்தன. பின்னர் வானொலி, தொலைக்காட்சி என அதன் கிட்டுகள் பெருகின. அந்நிறுவனத்தின் குறிப்பு நூல்கள் புகழ்பெற்றவை. ஒவ்வொரு படியும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும்; முடித்ததும் குறியிடப் பக்கத்தில் இடம் இருக்கும். மின்னியல் ஏதும் அறியாதவரும் குறியிட்டுக்கொண்டே போனால் இறுதியில் கருவி இயங்கும். அந்நூல்கள் இத்துடன் நில்லாமல், சுற்று எப்படி இயங்குகிறது என்பதையும் பழுது வந்தால் எங்கே தேடுவது என்பதையும் விளக்கின. குறியிட்டு முடித்ததோடு நூலை மூடியவர்களும் உண்டு. அந்த விளக்கப் பக்கங்களைப் படித்துப் பொறியாளர் ஆனவர்களும் உண்டு. பொட்டலம் ஒன்றுதான், பயன் இருவகை.

“கடையில் இதைவிட மலிவாக ஆயத்தப் பொருளே கிடைக்கிறதே, இந்த உழைப்பு வீண் அல்லவா?” என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது, வீண்செலவை வெறுப்பவர்கள் கேட்கவேண்டிய கேள்வியே. முன்பு இதற்கு விடை எளிதாக இருந்தது. ஒரு கருவியின் விலையில் அதைக் கையால் பூட்டுவோரின் கூலி ஒரு பெரும்பங்கு. அந்தக் கூலியை வாங்குபவரே மிச்சம் பிடித்தார். பிரிட்டனில் சிங்க்ளேர் நிறுவனம் 1980இல் இசட்.எக்ஸ். 80 என்னும் சிறு கணினியைக் கிட்டாக 79.95 பவுனுக்கும், பூட்டிய நிலையில் 99.95 பவுனுக்கும் விற்றது. மறுஆண்டு வந்த இசட்.எக்ஸ். 81 கிட்டாக 49.95 பவுன், பூட்டியது 69.95 பவுன். இருமுறையும் வேறுபாடு இருபது பவுன். கைவேலையின் விலை அங்கே வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது.

பின்னர் உறுப்புகள் கடுகளவாகச் சுருங்கின. அவற்றைப் போர்டில் பதிக்கும் வேலையை எந்திரங்கள் ஏற்றன. மிச்சம் பிடிக்கக் கூலியே இல்லாமற் போயிற்று. ஹீத் நிறுவனமும் 1992இல் கிட்டுகளைக் கைவிட்டது. இன்று மின்னும் விளக்கு வேண்டுமென்பவருக்கு ஆயத்தமான விளக்கே மலிவு. அப்படியிருந்தும் கிட்டுகள் விற்கின்றன என்றால், வாங்குபவர் விளக்கை வாங்கவில்லை என்பது தெளிவு. ஒரு தொழில் நிகழ வேண்டியவற்றை எட்டாக எண்ணிய தொல்காப்பியர், யாருக்காக, எந்தப் பயனுக்காக என்பவற்றையும் அவற்றுள் சேர்த்தார். பயன் மாறினால் தொழிலின் தன்மையே மாறிவிடுகிறது. இங்கே செய்யப்படும் பொருள் விளக்கு. பயன் செய்பவரின் அறிவு. அந்த அறிவு விளையாவிட்டால் பெரியவர்கள் கேட்டதுதான் சரி; உழைப்பு வீணே.

அறிவு எப்போது விளைகிறது? நம் எடுத்துக்காட்டிலேயே பார்ப்போம். மின்தேக்கியை ஒரு குடமாகவும் மின்தடையை ஒரு சிறு குழாயாகவும் கருதலாம். பேட்டரி குழாய் வழியே குடத்தை நிரப்புகிறது. பேட்டரி அழுத்தத்தின் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு அது நிரம்பியதும் 555 அதைத் திறந்துவிடுகிறது. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் மீண்டும் நிரம்பவிடுகிறது. இந்த ஏற்ற இறக்கமே மின்னல். மின்தடைகள் முறையே 10 கிலோ ஓமும் 68 கிலோ ஓமும், மின்தேக்கி 10 மைக்ரோ ஃபாரடும் ஆனால், விளக்கு நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறை மின்னும். குறிப்புத்தாள் இத்துடன் முடிந்துவிடும்.

இப்போது பிள்ளையிடம் கேளுங்கள்: “குடத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் என்ன ஆகும்?” சிந்தித்துப் பார்த்து, “நிரம்பப் பத்து மடங்கு நேரம் ஆகும், பத்து நொடிக்கு ஒருமுறை மின்னும்” என்று அவன் முன்கூட்டியே சொல்லி, 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியைப் பொருத்திப் பார்த்து, அவ்வாறே மின்னக் கண்டால், அந்த நொடியில் அவன் ஏவலாள் நிலையைக் கடக்கிறான். இன்னும் ஒன்று கேளுங்கள்: “பேட்டரி தளர்ந்தால் மின்னும் வேகம் குறையுமா?” பெரும்பாலோர் குறையும் என்றே சொல்வார்கள். ஒளி மங்கும்; வேகம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஏனெனில் மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்னும் எல்லைகள் பேட்டரியோடு சேர்ந்தே தாழ்கின்றன. இதைத் தானே கண்டறிந்த பிள்ளைக்குக் கிடைத்தது எந்தத் தாளிலும் அச்சிடப்படாத ஒன்று. அது அவனுடையது.

விளக்கு மின்னாமற் போனாலும் இழப்பில்லை. எல்.ஈ.டி.யைத் தலைமாற்றிச் செருகியிருக்கலாம். ஓரிடத்தில் ஈயம் படியாமல் உருண்டு நின்றிருக்கலாம். தாள் சொன்னபடி எல்லாம் செய்தாயிற்று. ஆனால் வேலை நடக்கவில்லை. ஏவியவர் அருகில் இல்லை. அப்போது பிள்ளை தானே தேடவேண்டும். இங்கேதான் விலைமலிவு ஓர் அறத்துணையாக வருகிறது. விலையுயர்ந்த பொருளைக் கொடுத்தால், ‘கெடுத்துவிடாதே’ என்னும் அச்சத்தையும் சேர்த்தே கொடுக்கிறோம். மலிவான கிட் பிழைசெய்ய இடம் தருகிறது. பிழைசெய்ய இடமில்லாத இடத்தில் தஹ்கீக் பிறப்பதில்லை.

இந்த எண்ணம் புதிதன்று. ஆமித் நகரில், அதாவது இன்றைய துருக்கியின் தியார்பகிரில், அர்துகீ மன்னர்களின் அவையில் பணியாற்றிய அல்ஜஸரீ என்னும் பொறிவல்லார், 1206இல் எந்திரங்களைப் பற்றி ஒரு நூலை முடித்தார். நீர்க்கடிகாரங்கள், நீர் இறைக்கும் பொறிகள் முதலிய ஐம்பது அமைப்புகளைப் படங்களோடு அதில் விளக்கினார். படித்துப் பிறரும் செய்யும்படி உறுப்பு உறுப்பாக எழுதினார். அந்நூலைத் துணையாகக் கொண்டு அவருடைய பெரிய நீர்க்கடிகாரம் ஒன்று 1976இல் மீண்டும் கட்டப்பட்டு இயங்கியது. ஏறத்தாழ 770 ஆண்டுகள் கழித்தும் வேலைசெய்த குறிப்புத்தாள் அது! நூலின் பெயரிலேயே அவர் இல்முவையும் பயன்தரும் அமலையும் ஒன்றாகக் கோத்தார். கைவேலையின்றி அறிவு முழுமையாகாது. அறிவின்றிக் கைவேலை வெறும் பழக்கமாகவே நின்றுவிடும்.

‘நான் செய்தேன்’ என்பதற்கு மேலும் ஒரு பொருள் உண்டு. ‘இதற்கு நான் பொறுப்பு’ என்பதே அது. மின்னும் விளக்கு அணைந்தால் எவருக்கும் கேடில்லை. அதே பிள்ளை சற்று வளர்ந்து, 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் ஒரு கிட்டைப் பூட்டி அண்டை வீட்டாருக்குக் கொடுக்கிறான் என்று கொள்வோம். அதனால் ஓர் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால், ‘தாளில் உள்ளபடிதான் செய்தேன்’ என்பது விடையாகுமா? புகழ் வரும்போது ‘நான்’ என்றும், பழி வரும்போது ‘தாள்’ என்றும் சொல்வது இரட்டை நாக்கு. தனக்குப் புரியாத ஒன்றைப் பிறர் கையில் கொடுக்காதிருப்பது இத்தொழிலின் முதல் ஒழுக்கம். பேட்டரியால் இயங்குபவற்றோடு பிள்ளைகள் நிற்க வேண்டும். வீட்டு மின்சாரத்தைத் தொடுவது முறையாகக் கற்ற பின்னரே. ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் உணவைத் தொடலாகாது என்பதையும் தொடக்கத்திலேயே பழக்க வேண்டும்.

இந்த அளவுகோலைப் பள்ளிக்கூடக் கண்காட்சிகளுக்குக் கொண்டுசெல்வோம். கிட்டைத் தகப்பனார் வாங்குகிறார். கடைக்காரரே பூட்டித் தருகிறார். பிள்ளை ஒரு சொற்பொழிவை மனனம் செய்து, ‘நான் செய்தது’ என்று மேசைமுன் நிற்கிறது. அங்கே ஏவுதலும் அதனுடையதன்று, இயற்றுதலும் அதனுடையதன்று. பரிசு கிடைக்கலாம். ஆனால் பிறர் உழைப்பைத் தன் பெயரில் சொல்லலாம் என்னும் பாடத்தை, அன்புள்ள பெற்றோரே தம் செலவில் கற்பித்துவிடுகிறார்கள். பத்து வயதில் ஒரு விளக்கின்முன் பழகிய இச்சொல், நாற்பது வயதில் வேலையிடத்தில் அடுத்தவர் ஆக்கத்தின்மேல் தன் பெயரை எழுதும்போது நாவில் தடுக்குமா?

ஆகவே பெற்றோர் ஒன்று செய்யலாம். மலிவான பொருள்தானே, இரண்டு வாங்குங்கள். ஒன்றைத் தாளில் உள்ளபடி பிள்ளை பூட்டட்டும். மற்றதில் அவன் விரும்பியதை மாற்றட்டும். மாற்றுவதற்கு முன் என்ன நிகழும் என்பதை ஒரு தாளில் எழுதிவைக்கட்டும். பெண்பிள்ளைகளுக்கும் இதே வாய்ப்பைக் கொடுங்கள். தையலூசி பிடித்துப் பழகிய விரலுக்குச் சால்டரிங் கோல் புதிதாகத் தோன்றாது. பின்னர் அவர்கள் “வாப்பா, இது நான் செய்தது” என்று வரும்போது, மகிழ்ந்து பாராட்டிவிட்டு, “இந்த உறுப்பு எதற்கு?” என்று கேளுங்கள். தெரிந்ததைச் சொல்லி, தெரியாத இடத்தில் “இது தாள் சொன்னது, காரணம் எனக்குத் தெரியாது” என்று அவர்கள் சொல்வார்களானால், அவர்கள் கூறியது முழுவதும் உண்மை. அந்த இடத்திலிருந்தே அடுத்த பாடத்தைத் தொடங்கலாம்.