கற்றுக்கொடுத்த செலவு யார் பற்றில்?

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு மனத்தை உறுத்துகிறது. விஜயா வங்கியில் சேர்ந்த அதிகாரி ஒருவர், 'பாண்டு' எழுதி ஒப்புக்கொண்ட மூன்றாண்டு முடியுமுன்னே விலகினார். அதற்காக அவர் கட்டிய 2 லட்சம் ரூபாயை வங்கி வாங்கியது செல்லும் என்றது நீதிமன்றம். அங்கே பேசப்பட்டது ஆளெடுக்கும் செலவு. அதே பாண்டுத் தாளைப் பயிற்சிச் செலவுக்காக நீட்டும் ஆலோசனை நிறுவனங்களும் உண்டு. சட்டத்துக்குச் செல்லுபடியாவதெல்லாம் அறத்துக்கும் செல்லுபடியாகிவிடாது. ஆலோசகரைப் பழக்கும் செலவை, அந்தப் பழக்கத்தால் வருவாய் காணும் நிறுவனமே ஏற்க வேண்டும்.

காரைக்குடி வீடுகளின் பழைய கணக்கே இதற்குச் சான்று. நகரத்தார் பர்மாவில் கொண்டுவிற்ற காலத்தில், தொழில் பழகப் பெட்டியடிப் பையனாகப் போனவன் கிட்டங்கி என்னும் கடையில் தங்கினான். கணக்குப் பெட்டியின் முன் சம்மணமிட்டு, பேரேட்டில் பற்றும் வரவும் எழுதி, வட்டி கணக்கிடப் பழகினான். சோறு கடையுடையது. கற்றுத் தேறியவன் அடுத்தாளாகி, மேலாளாகவும் உயர்ந்தான். மேலாளுக்கும் மூன்றாண்டுத் தவணை உண்டு. ஆனால் சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்கு வந்தது. இன்றோ பாண்டுப் பணம் வீட்டிலிருந்து நிறுவனத்துக்குப் போகிறது.

ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயுறுவதும் தீராத துன்பம் என்கிறார் வள்ளுவர். தேர்ந்தெடுத்த அன்றே கையெழுத்து வாங்கும் பாண்டு, அந்த ஐயத்தின் வடிவமல்லவா? ஒப்புரவறிதல் அதிகாரமோ கைம்மாறு கருதாத மழையைக் காட்டுகிறது. அந்த வழியில் வந்தவர்தான் வள்ளல் அழகப்பர். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அங்கே கற்றவர் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று தடுக்கவில்லை.

பொருள் கொடுத்தாவது கற்க வேண்டும் என்று புறநானூற்றில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடினான். செய்ந்நன்றி மறப்பதும் பிழையே. உண்மைதான். ஆனால் அரசன் சொன்னது ஆசிரியருக்கு மாணவன் செய்யும் கடமை. நிறுவனம் ஆசிரியர் மட்டுமன்று. பயிற்சி முடிந்ததும், தான் பழக்கிய இளைஞரின் ஒவ்வொரு மணிநேரத்துக்கும் வாடிக்கையாளரிடம் பில் போடுகிறது. வரவைத் தனதாக்கிக்கொண்டு, பற்றை மட்டும் அந்த இளைஞரின் ஏழைத் தகப்பன் பேரில் எழுதுவது நேர்மையான கணக்காகாது.

கற்றவரைக் கட்டிப்போடாதீர்கள், மதித்து வைத்துக்கொள்ளுங்கள். விலகுகிறவரிடம் தண்டம் கேட்குமுன், அவர் தங்குவதற்கு நாம் என்ன செய்தோம் என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் பேரேட்டைப் புரட்டிப் பார்க்கட்டும்.