நம்பிக்கையும் கணக்கும்

மனிதரை நம்பிக்கையாளர் என்றும் யதார்த்தவாதிகள் என்றும் இரு கூறாக வகுத்துப் பேசுதல் உலக வழக்கு. முன்னவர் எதிர்காலத்தை ஒளியுடையதாகக் காண்பவர். பின்னவர் உள்ளதை உள்ளவாறு காண்பவர். இவ்விரு இயல்புகளையும் சமநிலையிற் பேண வேண்டும் என்று அறிவுரை கூறுவோர், தராசின் இரு தட்டுகளில் இடப்படும் சரக்குகளைப் போலவே இவற்றைக் கருதுகின்றனர். ஒன்றிற் சிறிது குறைத்து மற்றொன்றிற் சிறிது கூட்டினால் விவேகம் கைவந்துவிடும் என்பது அவ்வறிவுரையின் உட்கிடை. இவ்வுவமை பொருத்தமானதுதானா என்பது ஆராயத்தக்கது. பாதி நம்பிக்கையும் பாதி ஐயமும் கொண்டவன் விவேகியாவதற்கு மாறாக, எதனையும் முழுமையாகச் செய்யமாட்டாதவனாக முடிதலும் கூடும்.

திருக்குறளின் அமைப்பு இவ்விடத்தில் மனங்கொளத்தக்கது. பொருட்பாலின் அரசியற் பகுதியில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அதே பகுதியிற் சற்றுத் தள்ளி ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்பன இடம்பெறுகின்றன. மரக்கொம்பின் நுனிவரை ஏறியவன் அதற்கு மேலும் ஏற முனைந்தால் உயிரிழப்பான் என்று எச்சரிக்கும் அதே நூல், தளராது முயல்வோர் விதியையும் வென்றுவிடுவர் என்று பிறிதோரிடத்திற் கூறுகின்றது. இதனை முரண்பாடு என்று கொள்வோர், இரண்டும் ஒரே மனிதனை நோக்கிச் சொல்லப்பட்டவை என்பதை மறந்துவிடுகின்றனர். இருவேறு மனிதருக்குரிய இருவேறு சுபாவங்கள் அல்ல அவை. ஆட்சி செய்யும் ஒருவனே வெவ்வேறு கட்டங்களிற் செய்ய வேண்டிய இருவேறு செயல்கள். அளவிடுதல் ஒன்று, அளவிட்டபின் தாங்கிச் செல்லுதல் மற்றொன்று.

அளவிடுதல் எத்துணை அரியது என்பதற்குப் பல்கலைக்கழக வாழ்விலிருந்தே சான்று காட்டலாம். ஒரு வேலைக்கு வேண்டிய காலத்தை மனிதர் குறைவாகவே மதிப்பிடுகின்றனர் என்னும் உண்மைக்கு டானியல் கானெமனும் ஏமொஸ் ற்வேர்ஸ்கியும் 1979இல் 'திட்டமிடற் போலி' என்ற கருத்தில் ஒரு பெயரிட்டனர். 1994இல் பியூலர், கிரிஃபின், றொஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வொன்றில், இறுதியாண்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவரிடம் அதனை எப்போது முடிப்பீர்கள் என்று வினவப்பட்டது. அவர்கள் கூறிய நாட்களின் சராசரி 33.9. எல்லாமே இயன்றவரை மோசமாக நடந்தால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டபோது சராசரி 48.6 ஆயிற்று. உண்மையில் எடுத்த நாட்களின் சராசரி 55.5. இத்தகைய ஆண்டிதழ்களுக்குக் கட்டுரை எழுதுவோர் இதற்கு விலக்கானவர் என்று எந்த இதழாசிரியரும் சாதிக்கமாட்டார்.

இவ்வெண்களிற் கருதத்தக்கது மூன்றாவது அன்று, இரண்டாவதே. மாணவர் மிக மோசமானதையும் எண்ணிப் பார்த்தனர். அதன் பின்னரும் கணக்குத் தவறிற்று. ஆகவே, சற்று இருண்ட மனநிலையோடு நோக்கினால் உண்மை புலப்படும் என்னும் நினைப்பும் பிழையாகின்றது. இத்தகைய தவறுக்குக் காரணம் மனத்தின் ஒளியோ இருளோ அன்று. கைவசமுள்ள வேலை எவ்வாறு நடக்கும் என்று கதை புனைவோர், முன்னைய வேலைகள் எவ்வாறு நடந்தன என்ற பதிவேட்டைப் புரட்டுவதில்லை. சோகமான கதையும் கதையே.

மெய்யியலாளர் இதனை வேறு வழியால் அணுகினர். அரிஸ்தோத்தில் தமது நிக்கொமாக்கிய அறவியலின் மூன்றாம் நூலில், வீரம் போலத் தோன்றியும் வீரமாகாத நிலைகளை எடுத்துக் கூறுகின்றார். அவற்றுள் ஒன்று நம்பிக்கை மிகுந்தோரின் துணிவு. முன்பு பலமுறை வென்றமையால் இம்முறையும் வெல்வோம் என்று அவர்கள் துணிகின்றனர். குடிமயக்கில் உள்ளோரும் அவ்வாறே துணிகின்றனர். எதிர்பார்த்தது நடவாதபோது இரு சாராரும் ஓடிவிடுகின்றனர். வெற்றியை எதிர்பார்த்தலும் வீரமும் ஒன்றல்ல என்பது இதனாற் பெறப்படும். காண்ட் என்பார் மனித அறிவின் வினாக்களை எதை அறியலாம், எதைச் செய்ய வேண்டும், எதை நம்பியிருக்கலாம் என்று நிரற்படுத்தியபோது, நம்பிக்கையை மூன்றாவதாக வைத்தமையும் கருதத்தக்கது. அறிவில் அவநம்பிக்கையும் செயல்விருப்பில் நம்பிக்கையும் வேண்டும் என்று கிராம்சி எடுத்தாண்ட வாசகம் இடதுசாரி வட்டாரங்களிற் பெரிதும் போற்றப்படுவது. அதன் பிற்பாதி வலிமையானது. முற்பாதி ஐயத்துக்கிடமானது. அறிவு அவநம்பிக்கை கொள்ள வேண்டியதில்லை. சரியாகக் கணக்கிட்டாற் போதும்.

இக்கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு, கணக்கு மழுப்பப்பட முடியாத ஓரிடம் வேண்டும். அன்றாட வாழ்விற் பிழையான மதிப்பீட்டின் விலை மெல்ல மெல்ல, பலர் தலையிற் பகிரப்பட்டு, அடையாளம் தெரியாமற் போய்விடுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தாட்டிக்காவிலே தென்துருவத்தை நாடிச் சென்றோரின் வரலாற்றில் அவ்வாறு மறைவதற்கு இடமில்லை. அங்கே உணவு இறாத்தலிலும் தூரம் மைலிலும் எழுதப்பட்டன. தவறு உயிரால் ஈடுசெய்யப்பட்டது.

1911 ஜனவரி இறுதியில் ஆங்கிலேயரான ஸ்கொற், அடுத்த பருவத்துத் துருவப் பயணத்துக்கு வேண்டிய பொருட்களைப் பனிவெளியிற் சேமித்து வைக்கப் புறப்பட்டார். பிரதான சேமிப்பிடம் தென் அகலக்கோடு 80 பாகையில் அமைய வேண்டும் என்பது திட்டம். பொதி இழுத்த மட்டக்குதிரைகள் சோர்ந்து தள்ளாடின. குதிரைகளுக்குப் பொறுப்பாயிருந்த ஓற்ஸ், அவற்றை மேலும் செலுத்தி, வீழ்பவற்றைக் கொன்று இறைச்சியைச் சேமித்துக்கொண்டு, குறித்த இடம் வரை செல்ல வேண்டும் என்று கூறினார். ஸ்கொற் இணங்கவில்லை. விலங்குகளை இனியும் வதைக்க அவர் மனம் ஒப்பவில்லை. பெப்ரவரி 17ஆம் நாள் 79 பாகை 29 கலையிலேயே சேமிப்பிடம் அமைக்கப்பட்டது. இம்முடிவுக்காகப் பின்னர் வருந்த நேரிடும் என்று ஓற்ஸ் சொன்னதாக வரலாறு கூறும். கருணையினாற் காக்கப்பட்ட அக்குதிரைகள் எட்டில் ஆறு அப்பயணம் முடிவதற்குள்ளேயே மாண்டன.

அடுத்த ஆண்டில் வேறொரு கணக்கு மாற்றப்பட்டது. உணவும் கூடாரமும் நால்வருக்கென்றே திட்டமிடப்பட்டிருந்தன. 1912 ஜனவரி தொடக்கத்தில், துணைக்குழுவைத் திருப்பியனுப்பும் வேளையில், ஸ்கொற் ஐந்தாவது மனிதராக பவர்ஸைச் சேர்த்துக்கொண்டார். பவர்ஸின் பனிச்சறுக்குக் கட்டைகளோ சில நாட்களுக்கு முன்னரே வழியில் விடப்பட்டிருந்தன. ஜனவரி 17இல் அவர்கள் துருவத்தை அடைந்தபோது, நோர்வேயரான அமுண்ட்சன் 1911 டிசம்பர் 14இலேயே அங்கு வந்து சென்றமையைக் கண்டனர். மீளும் வழியில் எட்கர் எவன்ஸ் இறந்தார். சேமிப்பிடங்களில் இருந்த எண்ணெய்த் தகரங்களிலிருந்து எண்ணெய் கசிந்து குறைந்திருந்தது. நடக்கவியலாத ஓற்ஸ், மற்றவர்க்குப் பாரமாயிராமற் பனிப்புயலினுள் வெளியேறி மறைந்தார். எஞ்சிய மூவரும் அச்சேமிப்பிடத்துக்கு 11 மைல் தொலைவிற் கூடாரத்துள் இறந்தனர். ஸ்கொற்றின் நாட்குறிப்பில் இறுதிப் பதிவு மார்ச் 29ஆம் நாளுக்குரியது. சேமிப்பிடம் 80 பாகையில் இருந்திருப்பின், அவர்கள் அதனை ஏற்கனவே அடைந்து கடந்திருப்பர்.

இதனைக் கொண்டு ஸ்கொற்றை மூடர் என்று முடிவுகட்டுதல் நேர்மையாகாது. வளிமண்டல அறிஞரான சூசன் சொலமன் 2001இல் வெளியிட்ட நூலில், அவ்வாண்டு மார்ச்சில் அப்பகுதியில் நிலவிய குளிர் வழமைக்கு மாறாகக் கடுமையானது என்று வானிலைப் பதிவுகளைக் கொண்டு நிறுவ முயன்றுள்ளார். சேமிப்பிடத்தை அடைந்திருந்தாலும் அவர்கள் தளத்துக்கு உயிருடன் திரும்பியிருப்பர் என்று கூற ஒருவராலும் இயலாது. ஆனால் ஒன்று கூறலாம். கருணையும் தோழமையும் சிறந்த குணங்கள். அவற்றுக்காகக் கொடுக்கப்பட்ட விலையை வருங்காலம் எவ்வாறேனும் ஈடுசெய்துவிடும் என்னும் எண்ணமே கணக்கினுள் நுழைந்த அந்நியன். 57 கிலோமீற்றர் குறைந்தது; ஒரு வாய் கூடியது. இரண்டும் தனித்தனியே தாங்கத்தக்கனவாகத் தோன்றின.

வென்றவர் யதார்த்தவாதி, தோற்றவர் நம்பிக்கையாளர் என்று பாடம் கற்பித்தல் பாடநூல்களுக்கு எளிது. அமுண்ட்சனின் வரலாறு அதற்கு இடங்கொடுப்பதில்லை. 80, 81, 82 பாகைகளிற் பொருட்களைச் சேமித்து, புயலிலும் தவறவிடாதபடி பாதைக்குக் குறுக்கே இருபுறமும் நெடுந்தூரம் கொடி நாட்டியவர் அவர். அத்தகையவரே 1911 செப்ரெம்பர் 8இல், வசந்தம் வருமுன்னரே, எழுவரோடு புறப்பட்டார். ஸ்கொற்றின் மோட்டார் வண்டிகள் முந்திவிடுமோ என்ற அச்சம் அவரை உந்திற்று. குளிர் ஏறத்தாழ −56 பாகை செல்சியசுக்கு இறங்கிற்று. திசைகாட்டியினுள் இருந்த திரவமும் உறைந்தது. அவர் தவற்றை உணர்ந்தார்; 80 பாகையிற் பொருட்களை இறக்கிவிட்டுத் திரும்பினார். இங்கே கணக்கைக் கெடுத்தது அச்சம். நம்பிக்கைக்கு அதிற் பங்கில்லை. கிராம்சியின் வாசகம் குறையுடையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதன்பின் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் அறச்சிக்கல் பொதிந்த பகுதி. திரும்பும் பயணத்தின் கடைசி நாளில் ஒழுங்கு குலைந்தது. அமுண்ட்சன் விரைந்த வண்டியொன்றில் முன்னதாகத் தளத்தை அடைந்துவிட்டார். பிறெஸ்ரூட் என்ற இளம் அதிகாரி, கால்கள் குளிரில் விறைத்து, உணவும் அடுப்பும் இன்றிப் பின்தங்கினார். குழுவில் மிகுந்த அனுபவமுடையவரான ஜொஹான்சன் அவருக்காகக் காத்திருந்து, நள்ளிரவு கடந்தபின் அவரை உயிருடன் கொண்டுவந்து சேர்த்தார். ஜொஹான்சன் 1895இல் நான்சனோடு வடதுருவத்தை நாடி 86 பாகைக்கு அப்பாற் சென்றவர். மறுநாட் காலையில், எல்லோர் முன்னிலையிலும், தலைவர் தம் மனிதரைக் கைவிட்டு வந்தமையை அவர் கண்டித்தார். அவர் கூறியது உண்மை. அமுண்ட்சன் அவரைத் துருவக் குழுவிலிருந்து நீக்கினார். வேறொரு சிறிய பயணத்துக்கு, அவர் காப்பாற்றிய இளைஞரின் கீழேயே பணிபுரியுமாறு அனுப்பினார். ஒக்டோபரில் ஐவர் மட்டும் துருவத்துக்குப் புறப்பட்டு வென்றனர். அமுண்ட்சன் பின்னர் எழுதிய நூலில் இப்பூசல் வெளிப்படையாகப் பேசப்படவில்லை. ஜொஹான்சன் 1913 ஜனவரியில் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

குளிரின் உண்மையை ஏற்றுத் திரும்பத் தெரிந்தவருக்கு, மனிதன் வாயிலிருந்து வந்த உண்மையை ஏற்கத் தெரியவில்லை. தண்டனைக்கு நியாயமும் கற்பிக்கலாம்: நெடும்பயணத்துக்கு ஒருமனம் வேண்டும், தலைவரின் சொல்லை ஐயுறும் ஒருவர் ஏனையோரின் ஊக்கத்தையும் குலைத்துவிடுவார். இவ்வாதம் முற்றிலும் பொய்யன்று. ஆயினும் நம்பிக்கை என்பது விசுவாசத்தின் அளவுகோலாக மாறும் இடம் இதுவே. அந்நிலையிற் கணக்குச் சொல்பவன் பகைவனாகின்றான். ஸ்கொற் ஓற்ஸைத் தண்டிக்கவில்லை என்பது அவருக்குரிய பெருமை. அவர் சொற்படி நடக்கவும் இல்லை.

மிகையான நம்பிக்கை இன்றேல் எவரும் புறப்படவே மாட்டார் என்று தடை எழுப்பலாம். மெய்தான். கணக்கை மட்டும் நோக்குவோன் வீட்டிலிருப்பதே சாலச்சிறந்தது என்ற முடிவுக்கே வருவான். ஆனால் புறப்படச் செய்வதும் கணக்கெழுதுவதும் வேறு. 1909 ஜனவரி 9இல் ஷாக்கிள்டனும் மூவரும் 88 பாகை 23 கலையில், துருவத்துக்கு 97 கடல் மைல் தொலைவில் நின்றனர். அதுவரை மனிதர் எவரும் அத்துணைத் தெற்கே சென்றதில்லை. துருவத்தை அடைவது ஒருவேளை இயன்றிருக்கும், மீள்வது இயன்றிராது. உணவைக் கணக்கிட்டார், திரும்பினார். மீளும் வழியிற் பசியாலும் நோயாலும் நால்வரும் சாவின் விளிம்புவரை சென்றனர். எனினும் நால்வரும் பிழைத்தனர். அவரது நம்பிக்கை அத்துடன் வற்றிவிடவும் இல்லை. 1914இல் மீண்டும் அதே கண்டத்தை நோக்கிப் புறப்பட்டார்.

தளத்தில் நடந்த அந்தக் காலைநேரக் காட்சி பனிவெளிக்கு மட்டும் உரியதன்று. தீராநோயாளி ஒருவர் இருக்கும் இல்லங்களிலே இது நாள்தோறும் நிகழ்கின்றது. வைத்தியர் தாழ்ந்த குரலில் உரைத்ததைச் சுற்றத்தார் நோயாளிக்கு மறைக்கின்றனர். நாளடைவிற் தம்மிடமிருந்தும் மறைத்துக்கொள்கின்றனர். வயலை ஈடுவைப்பதற்கு முன், பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வளவு மிஞ்சும் என்று பெரியம்மா ஒருத்தி கேட்டுவிட்டால், அவளுக்குக் கரிநாக்கு என்ற பெயர் வந்துவிடுகின்றது. சொன்னாற் பலித்துவிடும் என்று அவளது வாய் அடைக்கப்படுகின்றது. அன்பினாலேயே அடைக்கின்றனர், ஸ்கொற் குதிரைகளை அன்பினாலேயே திருப்பிக் கொண்டுவந்தது போல. நோயாளியோ பல வேளைகளில் எல்லாவற்றையும் அறிந்தே இருக்கின்றார். எவருமில்லாத நேரத்தில் அப்பெரியம்மாவைத் தனியே அழைத்து, ஈட்டுக்குக் கையெழுத்திட்டாயிற்றா என்று கேட்பவரும் அவரே.