கரையைச் சுற்றி

ஒருவர் நடந்து போனால் எங்கேயோ போகிறார் என்றுதான் நாம் எண்ணிக்கொள்கிறோம். எதிர்ப்பட்டதும், "எங்கே இவ்வளவு தூரம்?" என்று கேட்கிறோம். சந்தைக்கு, கச்சேரிக்கு, ரயிலடிக்கு என்று பதில் வந்துவிட்டால் மனம் சமாதானமாகிவிடும். "எங்கேயும் இல்லை, சும்மா இந்தக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன்" என்று சொல்லிவிட்டால், பாவம், மனிதருக்கு வேலை வெட்டி இல்லை போலும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். புறப்பட்ட படிக்கே திரும்பி வந்து நிற்கிற நடையும் ஒரு நடையா? அதனால் யாருக்கு என்ன கிடைக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்குச் சிதம்பரத்தைவிடத் தகுந்த ஊர் எனக்குத் தோன்றவில்லை. அந்த ஊரே ஒரு காட்டுக் குளத்தின் கரையில் தொடங்கியது என்கிறது தலபுராணம். கடலூர்ச் சீமையில் மரங்கள் ஊர்களுக்குப் பெயர் கொடுத்திருக்கின்றன. பாதிரி மரம் திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் தந்தது. தில்லை மரம் தில்லைக்குத் தந்தது. தில்லைக்குப் பெரும்பற்றப்புலியூர் என்றும் ஒரு பெயர் உண்டு. இரண்டு புலியூர்களிலும் உள்ள புலி, புலிக்கால் முனிவரான வியாக்கிரபாதர்தான் என்பார்கள். தில்லை வனத்துக் குளக்கரையில் ஒரு லிங்கத்தைக் கண்டு, அங்கேயே தங்கி வழிபட்டவர் அவர். வண்டு மொய்க்கும் முன்பே மலர் பறிக்க வேண்டும்; அதற்காக விடியுமுன் பனி வழுக்கும் மரங்களில் ஏற வேண்டும். ஆகவே புலியின் காலும் நகமும் வேண்டும் என்று வரம் கேட்டாராம். பொன்னையும் ராஜ்யத்தையும் வரமாகக் கேட்டவர்களின் கூட்டத்தில், மரம் ஏற நல்ல நகம் கேட்டவர் ஒருவர் இருந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அந்தக் குளந்தான் இன்று நடராஜர் கோயிலுக்குள் இருக்கும் சிவகங்கை. மேற்கே சிவகாமியம்மன் சன்னிதி, கிழக்கே ஆயிரக்கால் மண்டபம், இறங்கப் படிகள். காற்று அடங்கிய வேளையில் கோபுரம் தண்ணீருக்குள் தலைகீழாக நிற்கும். காட்டைத்தான் காணோம். தில்லை மரத்தைக் காடாகப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே பிச்சாவரத்துக்குப் போய்ப் படகில் ஏற வேண்டும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, உப்பங்கழியில், சுரபுன்னைக்குத் துணையாக அது நிற்கிறது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்று 2022இல் ராம்சார் பட்டியலில் அந்தக் காட்டைச் சேர்த்திருக்கிறார்கள். உதிரும் முன் தில்லையின் இலை சிவந்து கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் கிளையை ஒடித்தால் வடிகிற பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையையே மறைத்துவிடும். அப்படிப்பட்ட மரங்களுக்கு நடுவே, வேரும் சேறும் காலைப் பிடித்து இழுக்க, அந்தக் காலத்தில் குளத்தைச் சுற்றியவருக்கு அது எளிய நடையாக இருந்திராது. யாரோ மரம் வெட்டினார்கள், யாரோ கல் சுமந்தார்கள், யாரோ படி கட்டினார்கள். நாம் எளிதாகச் சுற்றி வருகிறோம்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் எனக்கு அங்கே நண்பர். சர்க்கரைக்காக நடக்கச் சொன்னார் டாக்டர். நண்பர் மைதானத்துக்குப் போகவில்லை. மாலைதோறும் கோயிலுக்குள் போய், குளத்தையும் சேர்த்துப் பிராகாரத்தைச் சுற்றுகிறார். "டாக்டருக்கும் ஆச்சு, நடராஜருக்கும் ஆச்சு, தம்பி!" என்பார். ஒரு நாள் நானும் அவரோடு நடந்தேன்.

"எத்தனை சுற்று, ஐயா?" என்று கேட்டேன்.

"எண்ணுகிறதில்லை. எண்ணினால் அது உத்தியோகமாகிவிடும்" என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நேர்வழியில் போகிறவனுக்கு இருபுறமும் உள்ளவை பின்னுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஊர் வந்ததும் வழி மறந்துபோகும். வலம் வருகிறவனுக்கோ நடுவில் இருப்பது பின்னுக்குப் போவதே இல்லை. எதைச் சுற்றுகிறானோ அது எப்போதும் அவன் வலக்கைப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு கரையில் மின்னிய தண்ணீர் மறு கரையிலிருந்து கறுத்துத் தெரியும். சற்றுமுன் தான் நின்ற படியில் இப்போது வேறொருவர் நிற்பதைப் பார்க்கலாம். ஒரே பொருளை நாலு திசையிலிருந்தும் பார்த்தவன், தன் கட்சியே கட்சி என்று அடித்துப் பேசக் கொஞ்சமாவது கூசுவான். நடுவில் இருப்பதைக் கைப்பற்றவும் அவன் முயல்வதில்லை. லாபம் இல்லாத நடை என்பதே அதன் பெருமை. (குளம் அளவாக இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். வீராணம் ஏரியை இப்படிச் சுற்றப் புறப்பட்டால் பாதிக் கரையிலேயே தத்துவம் போய்ப் பசி வந்துவிடும்.)

இதையெல்லாம் சொன்னதும் ஆசிரியருக்கு ஒரே மகிழ்ச்சி. "அதைத்தான் நானும் சொல்கிறேன், தம்பி! உள்ளே போவதுகூட அவசியம் இல்லை. சுற்றினாலே போதும். நந்தனார் சுற்றியேதானே சித்தி பெற்றார்?" என்றார்.

அந்த வார்த்தையை விழுங்கிவிட்டுப் பேசாமல் நடக்க என்னால் முடியவில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் புராணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும் கொடுத்தவர். ஆசைப்பட்டு ஆசைப்பட்டு ஒரு நாள் தில்லை எல்லைக்கு வந்து சேருகிறார். உள்ளே வேள்விப் புகை தெரிகிறது. தம் பிறப்பை எண்ணுகிறார், புக அஞ்சுகிறார், ஊர் எல்லையையே இரவும் பகலும் வலம் வருகிறார். நாம் கதாகாலட்சேபத்திலும் சினிமாவிலும் கண்ட கொடுமைக்காரப் பண்ணையார் சேக்கிழாரிடம் இல்லை. அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரத்தில் வந்து சேர்ந்தவர். பழைய கதையில் தடி எடுத்துத் தடுப்பவர் ஒருவரும் இல்லை. மதில் அந்த மனிதருடைய நெஞ்சுக்குள்ளேயே எழுப்பப்பட்டுவிட்டது. என்னைக் கேட்டால், பண்ணையார் இருக்கிற கதையைவிட அவர் இல்லாத கதைதான் அதிக பயங்கரம். பண்ணையார் இருந்தால் அவரை நாலு வார்த்தை ஏசிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

இதோடு இன்னொரு தில்லைக் கதையையும் வைத்துப் பார்க்க வேண்டும். சிங்கவர்மன் என்ற அரசகுமாரனுக்கு உடம்பில் நோய். தில்லைக்கு வந்த அவனை முனிவர் சிவகங்கையில் மூழ்கச் செய்கிறார். பொன்மேனியோடு இரணியவர்மனாக எழுகிறான். நோயுள்ள அரசனுக்குத் தண்ணீர் கிடைத்தது. நோயில்லாத உழைப்பாளிக்கு மதிலின் தென்புறத்தில் நெருப்பு மூட்டினார்கள். அதில் புகுந்து, பூணூலும் சடையும் விளங்கும் முனிவராக எழுந்த பிறகே நந்தனார் உள்ளே போகிறார். அவரை உயர்த்திக் காட்டவே இந்தக் கதையைச் சொன்னார்கள் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனாலும் உள்ளே போனவர் யார்? ஆதனூரில் தோல் பதம் பார்த்த மனிதரா, அந்த உடம்பை வெளியே தீயில் போட்டுவிட்டு வந்த வேறொருவரா? வெளியே நின்றவர் வெளியே நின்ற கோலத்தோடேயே வாசற்படி தாண்டினார் என்று கதை சொல்லவில்லையே!

உள்ளே போகக் கூடியவர், போகாமல் சுற்றி வந்தால் அது அடக்கம். போக முடியாதவரைப் பார்த்து, "உன் சுற்றுத்தான் அப்பா உயர்ந்தது" என்று உள்ளே இருப்பவர் சொன்னால், அது பசித்தவனுக்கு ஏகாதசி மகிமையை எடுத்துச் சொல்வது போன்றது. கால்கள் இரண்டு பேருக்கும் ஒரே வட்டத்தைத்தான் போடுகின்றன. லாபம் கருதாத நடை என்ற புகழ்ச்சியை நந்தனாருக்குச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் எதையும் துறந்து சுற்றவில்லை. அவருக்கு உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான்.

1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அதற்கு 31 ஆண்டுகள் முன்னதாக, 1916இல், சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் ஓமக்குளத்துப் பக்கம் நந்தனார் பெயரால் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். நந்தனார் தீயில் இறங்கிய இடம் என்று மரபு காட்டுவது அந்த ஓமக்குளத்தைத்தான். நெருப்பு மூட்டியதாகச் சொல்லும் இடத்தில் சுவாமி பலகையையும் பாடப் புத்தகத்தையும் வைத்தார். சேரிக் குழந்தைகள் எந்த உடம்போடு வந்தார்களோ அந்த உடம்போடேயே உட்கார்ந்து படித்தார்கள். சிதம்பரத்துக்கு வருகிறவர்கள் சிவகங்கையைப் பார்க்கிறார்கள், பிச்சாவரத்தைப் பார்க்கிறார்கள். ஓமக்குளத்துக்கு வழி கேட்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

நான் பேசி முடித்தபோது ஆசிரியர் அரைச் சுற்றுத் தூரம் வாய் திறக்காமல் வந்தார். பிறகு, "இத்தனை வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். அந்தக் குளத்தைச் சுற்ற வேண்டும் என்று தோன்றினதே இல்லை" என்றார்.

"இப்போதே போய் வரலாமே, ஐயா. ஊருக்குள்ளேதானே இருக்கிறது?"

ஆயிரக்கால் மண்டபத்துப் பக்கம் இருட்டத் தொடங்கியிருந்தது. அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்குப் போவோம், தம்பி" என்றார்.